கிதாருக்கு வெள்ளை உடுத்தியவள்

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆஞ்சலா மிஸ்ஸைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். மிஸ்ஸிடம் பொய் சொல்ல முடியாது, கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் கட்டிய புருஷனிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? மறைத்தாள். மறைத்ததற்குக் கைதட்டலும் வாங்கினாள். அந்தக் கைதட்டல் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவளுடைய புருஷன் எரிக்குக்கு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கல்யாண ரிசப்ஷன்களில் பேண்டு வாசிக்கப் போய்விடுவான். வாலிபத்தில் வாங்கிய கறுப்பு எலெக்ட்ரிக் கிதார்தான் இன்றைக்கும். ஒரு கிறிஸ்துமஸ் கேரல் கோஷ்டியில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றபோது ஆஞ்சலா விழுந்தவள்தான். "கிதார்காரனுக்கா பொண்ணைக் குடுப்பாங்க?" என்று அண்ணன் எகிறியதற்கு, "நான் அவரைத்தான் கட்டிப்பேன்" என்று பதில் சொல்லிக் கட்டியும் கொண்டாள்.

காலம் போகப் போக, கிதாரில் எரிக்கின் வலது கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிய ஆரம்பித்தது. ஓரங்கள் உதிர்ந்தன. பேண்டில் மற்றவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். அவர்கள் நடுவே நரைத்த தலையோடு எரிக். முதலில் அவன் வாசிப்பதைக் கேட்க முன்வரிசையில் உட்கார்ந்தவள், பிறகு பின்வரிசைக்குப் போனாள், அப்புறம் பரீட்சை பேப்பர் திருத்த வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். காரணத்தை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மகள் ஆஷ்லிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்தக் காரணத்தை மகளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒயிட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மென்டில் இருப்பவர்கள். ரிசப்ஷனில் மகளுக்காக ஒரு பாட்டு வாசிக்கப் போவதாக எரிக் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"மம்மி, டாடி அன்னிக்கு வாசிக்க வேணாம்னு நீங்க சொல்லுங்களேன்," என்றாள் ஆஷ்லி, நகத்தைப் பார்த்துக்கொண்டே. "அவங்க ஆளுங்க எல்லாம் வருவாங்க. அந்த கிதாரைப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு."

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆஞ்சலாவும் கேட்டிருக்க வேண்டியவள்தான். ஆனால் அவளுக்கு அந்த நிமிஷம் வந்தது கோபமில்லை, நிம்மதி. தான் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்ற கேவலமான நிம்மதி.

"டாடி வாசிப்பாரு," என்றாள். "கிதாரை நான் பாத்துக்கறேன்."

எரிக் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிதாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தொம்மலூருக்குப் போனாள். அங்கே நாகேஷ் என்ற கன்னடக்காரன் பைக், காருக்கெல்லாம் கலர் ஷீட் ஒட்டும் கடை வைத்திருந்தான். கிதாருக்கு ஒட்டியதில்லை என்றாலும் அசரவில்லை. கம்பிகளைக் கழற்றினான், திருகுகளைக் கழற்றினான், உடம்பை மட்டும் மேஜைமேல் படுக்கப் போட்டான். ஆஞ்சலா கடையின் ஷீட் ஆல்பத்தைப் புரட்டி, கல்யாண மண்டப அலங்காரத்துக்குப் பொருத்தமாக முத்து வெள்ளையில் பொன்னிறப் பூ போட்ட ஷீட் ஒன்றைக் காட்டினாள்.

"ஒட்டலாம் மேடம். ஆனா பழைய பெயின்ட்டு. நாளைக்கு வேணாம்னு ஷீட்டை உரிச்சா பெயின்ட்டும் கூடவே வந்துடும். பரவால்லயா?"

"உரிக்க மாட்டோம்."

"கை தேஞ்ச எடம் பள்ளமா இருக்கு பாருங்க. அப்பிடியே ஒட்டினா மேல தெரியும். பட்டி வெச்சு நெரவிடறேன். ஸ்வல்ப டைம் ஆகும்."

சுவருக்குப் பட்டி பார்ப்பதைப் போலவே பார்த்தான். எரிக்கின் கை இத்தனை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கிய இடம் தகட்டின் நாலு இழுப்பில் மூடிப்போனது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். சுடுகாற்று மெஷினைப் பிடித்து ஷீட்டை இளக்கி, கிதாரின் இரண்டு கொம்புகள்மேலும் இழுத்துப் படிய வைத்து, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நீவிவிட்டான். ஆஞ்சலா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்றுதான் சொன்னாள்.

சாயங்காலம் எரிக் பையைத் திறந்து கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள், மனசுக்குள் அதை விரும்பவும் செய்தாள். அவனோ கண் கலங்கி, "எனக்காகவா பண்ணே?" என்றான்.

"பின்ன யாருக்கு?" என்றாள் ஆஞ்சலா.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ரிசப்ஷனில் அவன் பாட்டு நன்றாகவே போனது. சம்பந்தியம்மா வந்து, "கிதார் ரொம்ப அழகா இருக்கு, புதுசா?" என்று கேட்டதற்கு, "பழசுதாங்க. வீட்ல எனக்குத் தெரியாம செஞ்சு குடுத்தாங்க," என்று மார்தட்டினான். அதோடு விட்டானா? சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் சொன்னான், கம்பெனியில் சொன்னான், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்திவைத்துக் காட்டினான். அவன் காட்டக் காட்ட இவளுக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தாங்க முடியாமல், செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஃபாதரிடம் சொன்னாள். "புருஷனுக்குப் பரிசு குடுத்தது பாவமாம்மா?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "பரிசு இல்ல ஃபாதர், மூடி மறைச்சது," என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை நீளம்; ஃபாதர் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜெபமாலை சொன்னாள். பாரம் இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் லாயிட் வந்தான். கல்யாணம் செய்யப்போகிற ஜோடிகளுக்குச் சர்ச் பங்கில் நடக்கும் ஆயத்த வகுப்பை நடத்துகிறவன் அவன்தான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மூத்த ஜோடி வந்து தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

"இந்த வாட்டி நீங்க ரெண்டு பேரும்தான் வரணும்க்கா. எரிக்ண்ணா கிதாரையும் எடுத்துட்டு வரட்டும்."

ஆஞ்சலா தலைவலி, வேலை என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். எரிக் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான்.

பங்கு ஹாலில் பத்துப் பதினைந்து ஜோடிகள். எரிக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"எனக்குப் பேச வராது. இவ என் கிதாரைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லன்னு ரொம்ப வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். ஆனா எங்க தேஞ்சிருக்கு, எங்க உதிர்ந்திருக்குன்னு எல்லாத்தையும் பாத்து வெச்சிருந்திருக்கா. பாசம் இருந்தாத்தான் அப்பிடிப் பாக்க முடியும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் சொன்னதில் பாதி உண்மைதான், அவள் ஒவ்வொரு உதிர்வையும் பார்த்து வைத்திருந்தாள். பாசம் மட்டும்தான் அப்படிப் பார்க்கும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான், பாவம்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "ஆன்ட்டி, உங்களுக்கு எப்படி இந்த ஐடியா வந்துச்சு?" என்று கேட்டாள். அவளுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஆஞ்சலாவின் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"பாக்கறதுக்கு நல்லா இல்ல. சம்பந்தி வீட்டு ஆளுங்க வராங்களேன்னு பண்ணேன்."

ஹாலே சிரித்தது. ஜோக் என்றே எடுத்துக்கொண்டார்கள். எரிக்கும் சிரித்தான், ஆனால் எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான். அது அவனுடைய சிரிப்பில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? லாயிட் டீ குடிக்கலாம் என்று எல்லோரையும் எழுப்பிவிட்டான்.

திரும்பும்போது எரிக் ஸ்கூட்டரை ஓட்டினான். கிதார் பை அவள் முதுகில். சிக்னலில் நின்றபோது திரும்பாமலேயே கேட்டான்.

"சம்பந்தி வீட்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லங்க. எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

"எப்பயிருந்து?"

"ஆரம்பத்துல இல்ல," என்றாள். பச்சை சிக்னல் விழுந்து பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு கேட்டின் முன் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ஆஷ்லிக்கும் அப்பிடித்தானா?"

இவ்வளவு நாள் உண்மையைச் சொல்ல முடியாமல் தவித்தவளுக்கு இப்போது பொய் சொல்ல ஒரு நொடி கூட ஆகவில்லை.

"சேச்சே. டாடி வாசிச்சே ஆகணும்னு அவதான் அடம் புடிச்சா. வேணாம்னு சொன்னது நான்."

எரிக்கின் தோள் தளர்ந்தது. "அதானே பாத்தேன்," என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதில் ஆஞ்சலாவுக்குப் பங்கில்லை. அவளும் கேட்கவில்லை. அவன் போனை எடுத்துக் காதில் வைத்தபடி படியேறினான்.

"ஆஷ்லிம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. உனக்குப் புடிச்சதா வாசிக்கிறேன்."

மகள் என்ன சொன்னாளோ தெரியவில்லை, எரிக் உள்ளே சிரித்துப் பேசுவது மட்டும் கேட்டது. அவன் பேசி முடிக்கும்வரை ஆஞ்சலா கிதாரை முதுகிலிருந்து இறக்காமல் கேட் அருகிலேயே நின்றிருந்தாள்.