இழுத்துக்கினு இருக்கு

இன்று காலை புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் எழுத்தைக் குரலாக்கிப் பேசும் ஒரு ஃபிரேம்வொர்க்கை ஏற்றினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரே ஒரு வரி கட்டளை தட்டினேன். பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பதில் வந்தது. அந்த யோசனையில் நின்றதில் பால் வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்த வாசனை.

தீய்ந்த வாசனை என்றால் எனக்குப் பாகூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான். அங்கே தீய்ந்தது பால் இல்லை, என் லேப்டாப். ஆபீஸில் கழித்துக் கட்டியதைக் கெஞ்சி வாங்கி வந்தது. கொஞ்சம் வேலை கொடுத்தால் போதும், அடிப்பக்கத்தில் தோசை சுடலாம். அப்போது நான் மூலக்குளத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கீழே டைல்ஸ் கடை, மேலே நாங்கள். டைல்ஸ் அறுக்கிற சத்தத்தில் கோட் எழுதிப் பழகியவன் நான், அதனால் இன்றும் அமைதியான ஆபீஸில் எனக்கு வேலை ஓடாது.

அந்த ஆபீஸில் டவுன்லோடு என்று யாரும் சொல்லமாட்டோம். இழுக்கிறது என்போம். "சோர்ஸ் இழுத்துட்டியாபா?" "காலைலேர்ந்து இழுத்துக்கினுதான் இருக்கு." இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு ரகளை நடந்தது.

என் அக்கா ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. பாடமெல்லாம் மனப்பாடம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பள்ளியில் மார்க், வருகைப் பதிவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கத்துக்குங்க டீச்சர், இல்லன்னா வேற இன்னா பண்றதுன்னு யோசிக்கலாம்" என்றார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த 'வேற' என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, பயமாக இருந்தது.

திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இருந்தன. எல்லாம் இங்கிலீஷ் மட்டும் பேசின. தமிழ் எழுத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்த ஃபிரேம்வொர்க்கில் மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் தமிழைச் சேர்த்திருந்தார். ஆனால் மூலநிரலில், எங்கள் பாஷையில் சோர்ஸில், மட்டும்தான். தயாராகக் கிடைத்த பதிப்பில் அது இன்னும் வந்திருக்கவில்லை. வேண்டுமென்றால் மூலத்தை இழுத்து, ஓடுகிற மென்பொருளாக நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு சனிக்கிழமை காலையிலேயே பாகூர் பஸ் ஏறினேன். இளங்கன்று இல்லையா, துள்ளல் அதிகம்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில், அதுவும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான். இன்டர்நெட் டாங்கிளை ஒரு கம்பு நுனியில் கட்டி ஏரிப் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். தொட்டி நிழலில் அக்கா உட்கார்ந்துகொண்டு லேப்டாப்புக்குக் குடை பிடித்தாள். பாதி வரும், அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இது வேண்டுமானால் அது வேண்டும் என்று கேட்கும், அதை இழுத்தால் அதற்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்கும். சீர் வரிசையில் குறை சொல்கிற சம்பந்தி தோற்றுப்போவாள்.

"இன்னா எழுதுதுன்னு படிடா" என்பாள் அக்கா. திரையில் ஓடுகிற இங்கிலீஷ் வரிகளை நான் கோயிலில் அர்ச்சனை சொல்வது மாதிரி ஒப்பிப்பேன். "நல்லதா சொல்லுதா, கெட்டதா சொல்லுதா?" என்று கேட்பாள். எனக்கே தெரியாது. "நல்லதுதான்கா" என்பேன்.

அந்த வாரம்தான் அப்பா காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார். காட்டேரிக்குப்பத்தில் இருக்கும் என் தாய்மாமனுக்குத் தகவல் போயிருக்கிறது. எழுந்துவிட்டார் என்ற தகவல் போகவில்லை. உச்சி வெயிலில் மாமா போன் செய்தார். எடுத்ததும், "எப்படிடா இருக்கு?" என்றார். யாருக்கு என்று சொல்லக் கூடாதா? எனக்கு உலகத்தில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னும் இழுத்துக்கினுதான் இருக்கு மாமா."

"அக்கா இன்னா பண்ணுது?" என்றார். அவர் கேட்டது அவருடைய அக்காவை, அதாவது என் அம்மாவை. நான் என் அக்கா என்று எடுத்துக்கொண்டேன்.

"காலைலேர்ந்து பக்கத்துலயேதான் குந்திக்கினு இருக்குது. எழுந்திருன்னா கேக்க மாட்டுது."

"தாங்குமாடா?"

"சூடுதான் அதிகமா இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்னு நெனைக்கிறேன்."

"நாங்க கெளம்பி வரோம்."

"நீங்க எதுக்கு மாமா இந்த வெயில்ல? முடிஞ்சதும் நானே போன் பண்றேன்."

"டேய், இன்னாடா பேச்சு பேசற!" என்று குரல் உடைந்து போனை வைத்தார். மாமாவுக்குக் கம்ப்யூட்டர் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. அக்காவிடமும் சொன்னேன். "பாசக்கார மனுஷன்டா" என்றாள்.

சாயங்காலம் தெருவில் ஒரே ஒப்பாரி. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் மாமா, மாமி, பங்காளிகள் என்று ஒரு கும்பல். வில்லியனூரில் பஸ் மாறும்போது வாங்கிய பெரிய ரோஜா மாலை மாமா தோளில். மாமி கையில் கோடிப் புடவை. புருஷன் போய்விட்டால் பிறந்த வீட்டார் கோடி எடுத்து வருவது எங்கள் பக்கத்து முறை, மாமா முறை தவறாதவர். அழுதுகொண்டே உள்ளே நுழைந்த மாமிக்கு எதிரே கூடத்தில் அப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மாமி போட்ட கத்தலில் அப்பாவே பயந்துபோய் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து வந்த அம்மா புடவையைப் பார்த்ததும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "என் புருஷன் குத்துக்கல்லாட்டம் குந்தியிருக்கச்சே எனக்குக் கோடி எடுத்துக்கினு வந்தியாடா பாவி!" மாடியிலிருந்து ஓடிவந்து நின்ற என்னை மாமா கை காட்டினார். "அவன்தான்கா சொன்னான், இழுத்துக்கினு இருக்குதுன்னு!" எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் மேலே அது கட்டி முடிந்து, முடிந்தால் அடிக்கட்டும் என்று நான் வைத்திருந்த மணி அடித்திருக்கிறது. நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி மாடிப்படி இறங்கி வந்தாள். வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். விசைகளை எண்ணி எண்ணி ஒரு வரி தட்டினாள்.

"அப்பா உயிரோடு இருக்கிறார்" என்றது லேப்டாப்.

ஆண் குரல். மூக்கடைத்த குரல். 'ழ' வரவே வராது. கும்பல் மொத்தமும் லேப்டாப்பை எட்டிப் பார்த்தது.

"யாருடா அவன், எனக்கு சாட்சி சொல்றவன்?" என்றார் அப்பா. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சளி புடிச்சிருக்கா அதுக்கு?" என்று கேட்டாள். அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதே வரியை மறுபடி மறுபடி தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. மாலையை அன்று பிள்ளையாருக்குப் போட்டோம். புடவையை மாமி அப்படியே திருப்பி எடுத்துப் போனாள்.

பள்ளி திறந்தது. அக்கா போனாள். மார்க்கெல்லாம் அவளே ஏற்றினாள். 'வேற' என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் பாகூருக்குப் போய்விட்டன. புதுப் பதிப்பு வரும், நான் போய் இழுத்துக் கட்டுவேன், ஏதாவது ஒன்று கெடும். ஒருமுறை எண்களையெல்லாம் இங்கிலீஷில் சொன்னது. ஒருமுறை புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் விக்கல் எடுத்தது. "நல்லா இருந்தவன கெடுத்துட்டியேடா" என்று அக்கா திட்டுவாள். பழையதை மீட்டுக் கொடுப்பதற்குள் இருட்டிவிடும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை.

போன மாதம் போயிருந்தேன். அக்கா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனில் பரீட்சைத் தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் எனக்கும் கேட்கக் கொடுத்தாள். பெண் குரல், 'ழ' சுத்தமாக வருகிறது, மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. "எதனா அப்டேட் பண்ணணுமாக்கா?" என்றேன்.

"அதுவே பண்ணிக்கிதுடா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, நீ இன்னா வேலையா வந்த?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சும்மாதான் என்றேன். அக்காவுக்கு வேலை நிலைத்துவிட்டது. அங்கே எனக்கு இருந்த வேலைதான் போய்விட்டது.