கரப்பான் சாகவில்லை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைக் கரப்பானக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கடையில் விற்கும் பூச்சிமருந்துக்குக் கரப்பான் சாகிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்தவள். சாகவில்லை. அதுதான் அவள் கண்டுபிடித்தது.

பொதுமக்களுக்காக நாங்கள் நடத்தும் இதழில் அதை எழுதச் சொன்னார்கள். 'ஆய்வுக்குட்படுத்தப்பட்ட மருந்தின் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி அவதானிக்கப்பட்டது' என்று ஆரம்பித்து, வீட்டில் அண்ணியிடம் வாசித்துக் காட்டினாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு விழுந்தா?"

"யாரும் விழல அண்ணி. மருந்தடிச்சாலும் கரப்பான் சாகல."

"இதைச் சொல்லவா இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். எளிதாக எழுதுவது எளிது என்று எவன் சொன்னான்? 'பெரும்பாலான' என்ற சொல்லை எடுத்தால் வாக்கியம் துள்ளி ஓடியது, ஆனால் பொய்யாகிவிட்டது. முனகிக்கொண்டே திரும்பப் போட்டாள். கடைசியில் இப்படி நின்றது: 'மருந்தடித்தால் பெரும்பாலான கரப்பான்கள் மல்லாந்து விழும். நாம் நிம்மதியாகத் திரும்பியதும் எழுந்து நடக்கும்.' படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன்.

துறைத்தலைவர் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது, கதையா? பழையபடி மாத்திடு. இல்லேன்னா இதுல உன் பேர் வராது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரியாமல் எழுதுவதற்கு ஆராய்ச்சி எதற்கு? அதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

"இதுல எது தப்பு சார்?"

"தப்புன்னு சொல்லல. கௌரவமா இல்ல."

"கரப்பான் சாகலைங்கிறதை எப்படி சார் கௌரவமா சொல்றது? பேரை எடுத்துடுங்க. ஒரு வார்த்தையைத் தொடாதீங்க."

இதழ் அச்சுக்குப் போகவேண்டிய நேரம். அவர் கையில் வேறு கட்டுரையும் இல்லை. கட்டுரை அப்படியே வந்தது, பெயரில்லாமல். அந்தப் பக்கத்தைப் பார்த்து அக்கா எங்கள் எல்லார் முன்னாலும் அழுதாள். இத்தனை வருட உழைப்பு, அழாமல் என்ன செய்வாள்?

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த கட்டுரையை எழுத உட்கார்ந்தாள். இம்முறை முதலில் தன் பெயரை எழுதினாள், தலைப்பைவிடப் பெரிதாக.