ஆட்டுக் குலத்து பிர்கிட்டா

கூடாரத்தைவிட்டு வெளியே வந்ததும் பிர்கிட்டா முதலில் தொப்பியை மாட்டிக்கொள்கிறாள். பிறகு, இன்னும் வெயிலே வராத முகத்தில் வெயிலுக்கான வெள்ளைக் களிம்பைத் தடவிக்கொள்கிறாள். அதன்பின் கழுத்தில் தொங்கும் ஊதலை எடுத்து, விடுதிச் சன்னல்களைப் பார்த்து ஊரே அதிர ஊதுகிறாள். பிள்ளைகளை எழுப்புகிறாளாம். உள்ளே பிள்ளைகள் எழுந்து, போர்வை மடித்து, அறையைப் பெருக்கி, தண்ணீர் தூக்கி வந்து அடுப்பும் மூட்டியிருப்பார்கள். ஊதல் கேட்டவுடன் எல்லோரும் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வார்கள். அடுத்த நிமிடம் அப்போதுதான் விழித்தவர்கள்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையாக வெளியே வருவார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள், மனம் நோகக் கூடாதே.

நான் இந்தப் பெண்கள் விடுதியின் மேட்ரன். ஆகஸ்ட் விடுமுறையில் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டு ஊர் வம்பு பேச வேண்டியவள். இந்த வருடம் பூட்ட முடியவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கும் முகாம் நடத்த பிர்கிட்டா விடுதியைக் கேட்டாள், தலைமை ஆசிரியர் கொடுத்துவிட்டார். எனக்கு நல்ல அறை இருக்கிறது, வந்து படு என்றேன். பிள்ளைகளும் தானும் சமம், அதனால் தனி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைதானத்தில் தனிக் கூடாரம் போட்டுக்கொண்டாள்.

ஸ்வீடனிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகிறது. செவேயின் அம்மா வீட்டில்தான் வாசம். எங்கள் பெம்பா மொழியை அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் செவேதான். செவேக்கு வயது ஐந்து. ஆகவே நம் பிர்கிட்டா பிழையில்லாமல், சரளமாக, ஐந்து வயதுக் குழந்தையாகப் பேசுவாள். முகாமைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரி வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, சமத்தா ஒக்காரு, பிஸ்கோத்து தர்றேன்" என்றாள். அதிகாரியும் சமத்தாக உட்கார்ந்து பிஸ்கோத்து சாப்பிட்டார்.

பாடத்திட்டம் பிரமாதம். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம் என்று வரைந்த அட்டையைக் காட்டி, "இப்ப உனக்குள்ள எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்பாள். "பசிக்குது, பா பிர்கிட்டா" என்பார்கள். மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'பா' சேர்ப்பது எங்கள் வழக்கம். பசிக்கு அட்டையில் முகம் இல்லை. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், தோழி பிடித்துக்கொள்வாள், அதனால் நம்பிக்கை வளரும். "எதுக்கு விழணும்? என் காலுக்கு என்ன கேடு?" என்று முகுக்கா என்ற பிள்ளை கேட்டாள். பிர்கிட்டா தானே விழுந்து காட்டினாள். பிடிக்கிற இடத்தில் நின்றவள் சிரித்துக்கொண்டிருந்ததால் நம்பிக்கை சற்றுத் தாமதமாகத்தான் வளர்ந்தது.

தலைமையை நிரூபிப்பவர்களின் நெற்றியில் தங்க நிற நட்சத்திரம் ஒட்டப்படும். ஒரு நாள் அடிபம்பில் பெரிய சண்டை. பக்கத்து ஊர்ப் பெண்கள் முதலில் அடிப்பதா, விடுதிப் பிள்ளைகள் அடிப்பதா என்று குடங்கள் மோதிக்கொண்டன. என் அக்கா மகள் கலுபாதான் நடுவில் புகுந்து, இரண்டு பக்கத்தையும் திட்டி, சிரிக்கவைத்து, வரிசை கட்டித் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தாள். வகுப்புக்குத் தாமதமாக வந்ததால் அவளுக்கு நட்சத்திரம் இல்லை. அன்றைய பாடம், குழுவில் சண்டை வந்தால் தீர்ப்பது எப்படி என்பது.

இப்படியெல்லாம் வாய்க்கு வந்தபடி எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எனக்கு உரிமை இருக்கிறது. எங்களில் குலம் தாய்வழி வருவது. குலத்துக்குக் குலம் கேலி முறையும் உண்டு. நான் சிறுத்தைக் குலம். செவேயின் அம்மா ஆட்டுக் குலம். சிறுத்தைக்கு ஆட்டைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டில், சந்தையில், சாவு வீட்டில்கூட, எங்கே கண்டாலும் நாங்கள் ஆட்டுக் குலத்தாரைக் கிழிகிழியென்று கிழிப்போம். அவர்களும் விட மாட்டார்கள். கோபித்துக்கொள்பவர்தான் தோற்றவர். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போனால், நீ எனக்கு உறவே இல்லை என்று முகத்தில் அறைந்தாற்போல. ஈஸ்டர் பண்டிகையன்று செவேயின் அம்மா எல்லோர் முன்னாலும் பிர்கிட்டாவின் தலையில் கை வைத்து, "இவ என் பொண்ணு, இனிமே ஆட்டுக் குலம்" என்றாள். பிர்கிட்டா அழுதேவிட்டாள். மறுநாளே சட்டையில் ஆட்டுப் படம் வரைந்துகொண்டு ஊர் முழுக்க நடந்தாள்.

குலம் கொடுத்தவள், குலத்தோடு என்னென்ன வரும் என்று சொல்லவில்லை. அந்த வாரம் சந்தையில் பார்த்தபோது நான் முறைப்படி, "ஏ ஆடே, நல்லா கொழுத்திருக்கியே, எப்ப அறுக்கலாம்?" என்று இடுப்பைக் கிள்ளினேன். அதைவிட அன்பாக ஒருத்தியை வரவேற்க எனக்குத் தெரியாது. அவள் முகம் செத்துப்போயிற்று. வாங்கிய தக்காளியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். சாயங்காலம் செவேயின் அம்மா வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்னடி சொன்ன எம் பொண்ண? உடம்பப் பத்திப் பேசிட்டியாம். சோறு தண்ணி இல்லாம படுத்திருக்கா."

"முறைக்குத்தானடி பேசினேன்?"

"முறையெல்லாம் அவளுக்குப் புரியலடி. விட்டுடுங்க."

விட்டுவிட்டோம். சிறுத்தைகள் எல்லாம் வாயைத் தைத்துக்கொண்டோம். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு நாற்காலிதான், குளிர்பானப் புட்டிதான். பாயில் எங்களோடு உட்கார வந்தால், "ஐயையோ, நீங்க மேல ஒக்காருங்க" என்று தூக்கி உட்காரவைத்துவிடுவோம். விருந்தாளிக்கு அதுதானே மரியாதை. ஒரு நாள் என்னிடம் வந்து, தன் ஐந்து வயது மொழியில், "மேட்ரன், ஏன் என்னைய மட்டும் நாக்காலில வக்கிறீங்க? நான் உங்க ஊட்டுப் பாப்பா இல்லையா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.  எப்படிச் சொல்வது? நீ அழுவாய் என்று பயந்துதான் உன்னை உறவிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம் என்று எந்த மொழியில் சொல்வது?

முகாம் தொடங்கிய அன்றே வினை வந்தது. சாப்பாட்டு வரிசையில் கலுபா, ஆட்டுக் குலத்து முகுக்காவிடம், "உங்க சின்னம்மாவ நேத்துதான் வறுத்துத் தின்னோம், கொஞ்சம் முடை நாத்தம்" என்றாள். முகுக்கா, "அதான் உன் வாய் நாறுதா? நான் பொறந்ததுலேருந்து அப்படின்னு நெனச்சேன்" என்றாள். இரண்டு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பில் புரண்டார்கள். பிர்கிட்டா ஊதிய ஊதலில் காக்கைகள் பறந்தன. இருவரையும் தனியே அழைத்து, கட்டிப்பிடிக்கவைத்து, மன்னிப்புக் கேட்கவைத்தாள். எதற்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. மறுநாள் சுவரில் பெரிய எழுத்தில் முதல் விதி ஏறியது: இங்கே யாரும் யாரையும் கேலி செய்யக் கூடாது. மீறினால் ஊதல்.

அவ்வளவுதான். விடுதி சாவு வீடு மாதிரி ஆயிற்று. தப்பு, எங்கள் சாவு வீட்டில் இதைவிடக் கலகலப்பாக இருக்கும். கேலி இல்லாமல் பேச்சை எங்கே தொடங்குவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "உப்பை இப்படித் தர முடியுமா, தோழி?" "இதோ, தோழி." களியைக்கூட ஓசைப்படாமல் தின்றார்கள். சாயங்காலம் வட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. பிர்கிட்டா கூடாரத்துக்குள் உட்கார்ந்து, பிள்ளைகள் ஏன் ஊமையாகிவிட்டார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். இதற்கிடையே ஊர் ஆடுகள் கூடாரக் கயிற்றைத் தின்றுவிட, கூடாரம் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. சொந்தக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி அவள் வீடு வீடாக மிதிவண்டியில் போனவள். போன வீடுகளிலெல்லாம் கொடுத்த முங்கோயோ என்ற புளித்த சோளக் கூழைக் குடித்து வயிறு கெட்டு, மறுநாளும் மிதிவண்டியை எடுத்தவள். கலுபாவுக்குக் காய்ச்சல் அடித்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றியது நான் இல்லை, அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காதவளையா இவ்வளவு திட்டுவேன்?

போன சனிக்கிழமை கடைசி நாள். அம்மாமார்கள் நல்ல சிட்டெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு வந்து பாய்களில் நிறைந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஊர்த் தலைவரின் அக்கா. அடுத்த ஆகஸ்டில் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்புவதா, வீட்டில் கடலை உரிக்கவைப்பதா என்பதை அந்த அம்மாளின் ஒரு வாய்ச் சொல் முடிவு செய்துவிடும். பிர்கிட்டாவுக்கும் இது தெரியும். பக்கத்தில் நாற்காலியில், தனியாக, உள்ளங்கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கலுபாதான் பேச வேண்டும். தலைப்பு, தலைமை என்றால் என்ன. பிர்கிட்டா எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்திருந்தாள். கலுபா வந்து நின்றாள். "நான் ஒரு விதை" என்றாள். அதோடு நின்றுவிட்டது. விதை முளைக்கவில்லை. அடிபம்பில் இரண்டு ஊரை மேய்த்தவள், கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். ஒரு குழந்தை இருமியது. தலைவரின் அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பேசக் கத்துக்குடுக்கறாங்கன்னுதானே அனுப்பினோம், மேட்ரன்? இருந்த பேச்சும் போச்சே?"

 நாற்காலியில் பிர்கிட்டா, பிள்ளைக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அடுத்த வரியை வாய்க்குள் மென்றபடி தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தலை ஆடும்போதெல்லாம் கழுத்து ஊதலும் ஆடியது. கலுபா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு ஓரமாக இழுத்துக்கொள்வதைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாமடி என்று கண்ணைக் காட்டினேன். யார் கேட்டார்கள்?

"பா பிர்கிட்டா, அப்படி அசை போட்டுக்கிட்டு தலைய ஆட்டாதீங்க. எனக்குப் பசி எடுக்குது."

 செவேயின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கலுபா நிறுத்தவில்லை, மடை திறந்துகொண்டது.

"அம்மாமாரே, இந்த ஆட்டப் பாருங்க. பட்டியில படுக்க மாட்டாளாம், மைதானத்துல படுப்பாளாம். கழுத்துல மணி கட்டிக்கிட்டு அவளே வந்து அவளே அடிக்கிறா, எங்களுக்குத் தேடுற வேலைகூட இல்ல. தலைமைன்னா என்னன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன், கேளுங்க. ஒரு ஆடு தனியா வந்து, இத்தன சிறுத்தைங்கள வரிசையில நிக்க வச்சு, 'யாரும் கடிக்கக் கூடாது'ன்னு சொவத்துல எழுதி ஒட்டிச்சு. இன்னிக்கு வரைக்கும் உசுரோட இருக்கு. அதுக்குப் பேருதான் தலைமை. எங்க ஆத்தா ஒருத்திக்காவது அந்தத் தைரியம் இருக்கா?"

தலைவரின் அக்காவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் நாற்காலியின் மேல்தான். பிர்கிட்டாவின் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்தும் சிவந்தது. கை தானாக ஊதலைத் தேடிப்போய் எடுத்து வாயில் வைத்தது. கலுபா கண்ணை மூடிக்கொண்டாள். ஊதிவிட்டால் எல்லாம் முடிந்தது, இனி எத்தனை வருடம் இருந்தாலும் அவளுக்கு நாற்காலிதான்.

ஊதவில்லை. ஊதலை வாயிலிருந்து எடுத்து ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். நாற்காலியைவிட்டு எழுந்தாள். நேராக என் பாய்க்கு வந்து, என்னை இடித்துத் தள்ளி இடம் பிடித்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். கயிற்றோடு ஊதலைப் பிடித்து மணியை ஆட்டுவதுபோல் ஆட்டி, கலுபாவைப் பார்த்து, வாயை அகலத் திறந்து, "மே..." என்றாள்.