ஏலத்தில் பெயர் எடுத்த மெர்சி அக்கா

மெர்சி அக்கா இறந்த செய்தியை எனக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நோர்வூட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஷாமினி கைப்பேசியில் அழைத்து, "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். நெஞ்சு வலிக்காக மெர்சி அக்கா முந்தின வாரம்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நினைப்பில் நான், "தனியாவா போனாங்க? பஸ்லயா, வேன்லயா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் ஷாமினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை மட்டும் மெர்சி அக்கா கேட்டிருந்தால் ஒரு வருடத்துக்குச் சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஹட்டனில் மணப்பெண் அலங்காரம் என்றால் மெர்சி அக்காதான். உங்களில் பலர் அவர் கையால் பொட்டு வைத்துக்கொண்டு மேடையேறியவர்கள். ஆனால் பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த அந்தச் சின்னச் சலூனில், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி எதற்காக எந்நேரமும் திறந்தே இருந்தது என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். கைவிடப்பட்ட இணையப் பெயர்களை அவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு நாய் விவகாரத்தில் தொடங்கியது. மணமகள் மட்டுமல்லாமல் மாப்பிள்ளைக்கும் அலங்காரம் செய்வதால், அவர் தன் இணையதளத்துக்கு ஆங்கிலத்தில் 'மெர்சி க்ரூமிங்' என்று பெயர் வைத்திருந்தார். "க்ரூம்னா மாப்புள. அப்ப க்ரூமிங்னா மாப்புளைக்குச் செய்றதுதானே?" என்பது அவருடைய கணக்கு. தளத்தின் பெயர் நமக்கு நிரந்தரச் சொந்தமில்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவர் எப்போதோ கைவிட்ட முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் பெயர் கைவிட்டுப் போயிற்று. அதை எடுத்தது நியூசிலாந்தில் இருந்த ஒரு பெண். அங்கே க்ரூமிங் என்றால் நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டி விடுவதாம். கல்யாண அட்டையளவு அழகான மெர்சி அக்காவின் விளம்பரச் சீட்டைப் பார்த்துத் தளத்தைத் திறந்தவர்களுக்கு, ரிப்பன் கட்டிய நாய்கள் வரிசையாகக் காட்சி கொடுத்தன. பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாய் வாசலிலேயே நின்று, "அதே சீப்புதான் எங்க புள்ளைக்குமா?" என்று கேட்டார்.

இன்னொருவராக இருந்தால் வேறு பெயர் வைத்துக்கொண்டு போயிருப்பார். மெர்சி அக்கா, பெயர்கள் எப்படிக் கைவிட்டுப் போகின்றன, போனவை எங்கே கிடைக்கின்றன என்று விசாரித்தார். புதுப்பிக்கும் கெடு தப்பிய பெயர்களைப் பதிவு நிறுவனங்களே ஏலம் விடுகின்றன என்று தெரிந்ததும் அதில் இறங்கினார். நாய்க்காரி எடுத்த பெயரும் ஒரு நாள் கெடு தப்பும் என்று காத்திருக்கத்தான் இறங்கினார். காத்திருந்த நேரத்தில் மற்றப் பெயர்களும் கண்ணில் பட்டன.

ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். அடுத்த நாள் கல்யாணத்துக்கு ஒரு பெண் புருவம் எடுக்க உட்கார்ந்திருந்தாள். இடது புருவம் முடிந்தபோது கணினி ஒலித்தது. மெர்சி அக்கா நூலைப் பல்லில் கடித்தபடியே கணினிக்குத் தாவினார். அந்த ஏலங்களில் ஒரு வழக்கம் உண்டு: கடைசி நிமிடத்தில் யாராவது விலையை ஏற்றினால் முடிவு இன்னும் சில நிமிடம் தள்ளிப்போகும். அன்று தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கீழே வேனில் அந்தப் பெண்ணின் அண்ணன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் அழாத குறையாக, "அக்கா, மத்தப் புருவம்?" என்றாள். "புருவம் எங்கயும் ஓடாது தங்கச்சி. பேரு ஓடிரும்" என்றார் மெர்சி அக்கா.

அன்று அவருக்குக் கிடைத்தது எங்கோ மூடிப்போன ஒரு பூக்கடையின் பெயர். இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். நல்ல பேரு. ரோட்டுல கெடந்துச்சு."

அதற்கு மேல் அவரிடம் காரணம் இருக்கவில்லை. சிலவற்றைக் கேட்டவர்களுக்கு விற்றார். பலவற்றைச் சும்மா வைத்திருந்தார்.

அவர் காத்திருந்த நாளும் வந்தது. 'மெர்சி க்ரூமிங்' ஏலத்துக்கு வந்தது. அவர் சிங்கம்போல் நின்று எடுத்தார். ஏலத்தில் ஜெயித்தாலும் பெயர் உடனே கைக்கு வராது. பழைய சொந்தக்காரர் மனம் மாறிப் புதுப்பிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகுதான் மாற்றித் தருவார்கள். அந்த நாட்களில் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பெயர் வந்து சேர்ந்த அன்று ஹட்டன் கடைத்தெரு முழுக்கக் கேக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்தப் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஷாமினி வாசித்துத் தமிழில் சொன்னாள். நியூசிலாந்துப் பெண் எழுதியிருந்தாள். படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாளாம். நினைவூட்டலைப் பார்க்கவில்லையாம். நாய்களை நம்பித்தான் பிழைப்பாம். அடியில் கையெழுத்து: மெர்சி.

அக்கா திரைக்குக் குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "இவளும் மெர்சியா?" என்றார்.

"ஆமாம்மா."

"அடிப் பாவி, நம்மள மாதிரியே மறந்துட்டு நிக்கிறாளே. குடுத்துத் தொலை."

ஷாமினி விலை கேட்கலாம் என்றாள். "நாய் குளிப்பாட்டுறவகிட்ட என்னத்தக் கேக்குறது? அந்த வெள்ள நாயோட படம் ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்றார். அந்தப் படம் சட்டம் போட்டுச் சலூன் சுவரில், மணமகள்களுக்கு நடுவில், கடைசிவரை தொங்கியது.

அவரை நான் முழுதாக அறிந்தது எங்கள் காரியத்தில்தான். தேயிலைத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தில் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போனவர்களையும் இங்கேயே தங்கிவிட்டவர்களையும் சேர்த்து வைக்க, நாங்கள் சிலர் 'நம்மாளுங்க' என்று ஒரு தளம் நடத்துகிறோம். யார் எந்தத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, யாரைத் தேடுகிறார்கள் என்று படத்தோடு போடுவோம். தளத்தைக் கட்டித் தந்த தம்பி வேலைக்கு வெளிநாடு போன இடத்தில் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருந்தார். பெயர் கெடு தப்பி ஏலத்துக்குப் போய்விட்டது. படங்களும் விவரங்களும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் போனவர்கள் குடியேறியிருந்த நீலகிரிப் பக்கத்தில் கோயில் சுவரிலும் கடை வாசலிலும் நம் ஆட்கள் எழுதி ஒட்டியிருந்தது அந்தப் பெயரைத்தான். இப்படிக் கைவிட்ட பெயர்களைத் தேடி வாங்கும் இணையச் சூதாட்டக்காரர்கள் எடுத்துவிட்டால், அண்ணனைத் தேடித் திறக்கிறவர் சீட்டுக்கட்டைத்தான் பார்ப்பார். நான் மெர்சி அக்காவிடம் ஓடினேன்.

ஏலம் முடிகிற நாள் அவருக்கு நானுஓயாவில் கல்யாண வேலை. "நீங்களும் வாங்க டீச்சர், ஊசி எடுத்துக் குடுக்க ஆள் வேணும்" என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். பெண் வீட்டில் சிக்னல் இல்லை. பாதிக் கொண்டை போட்ட நிலையில் பெண்ணை உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். வேன் சாரதி சுனில் அந்த வளைவுகளை அறிந்தவர். ரோட்டோரத்து மதகுக் கட்டை ஒன்றைக் காட்டி, "அக்கே, சிக்னல் மெதன தமய்" என்றார். சிங்களத்தில், சிக்னல் இங்கேதான் என்று அர்த்தம். மெர்சி அக்கா மதகின்மேல் ஏறி நின்றார். பட்டுச் சேலை, ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் சீப்பு, வாயில் இரண்டு கொண்டை ஊசி.

எதிராளி விடுவதாக இல்லை. இவர் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். வாயிலிருந்த ஊசிகளைத் துப்பிவிட்டு, "சூதாட்டக்காரனேதான்! இவன் குடும்பம் வெளங்குமா?" என்று மெர்சி அக்கா கத்தினார். பெண்ணின் தாய் படியில் நின்று, "முகூர்த்தம் போவுதுங்க!" என்று கத்தினார். அந்த நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து சந்தனம். எங்கள் தளத்தில் படங்களைப் பார்த்துக்கொள்கிற மனிதர், மின்சார வேலை செய்கிறவர்.

"டீச்சர், கவலைப்படாதீங்க. நம்ம பேரு ஏலத்துல வந்திருக்கு. நான் புடிச்சிக்கிட்டு இருக்கேன். ஆனா யாரோ ஒரு பாவி விட மாட்டேங்குறான். நானா வுடுவேன்?"

"இப்பக் கடைசியா ஏத்துனது நீங்களா?" என்றேன்.

"பின்ன?"

மெர்சி அக்கா மதகிலிருந்து குனிந்து என் கைப்பேசியைப் பறித்தார். "யோவ் சந்தனம்! அந்தப் பாவி நான்தான்யா! கைய எடுய்யா!" என்றார். நானுஓயா ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். சந்தனம் கையை எடுத்தார், மெர்சி அக்கா கடைசியாக ஒரு முறை ஏற்றினார். பெயர் எங்களுக்கு வந்தது. இருவரும் சேர்ந்து அதன் விலையை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கொண்டையும் நேரத்துக்கு முடிந்தது. தாலி கட்டும்போது அது லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்ததை நானும் சுனிலும் மட்டும் கவனித்தோம்.

பிறகு காத்திருப்பு. மெர்சி அக்கா அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்க என்னை அனுப்பினார். பெயர் கைக்கு வரும்வரை மீன் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் மதியம் நான் போனபோது கருவாட்டுக் குழம்பு மணத்தது. நான் பார்த்த பார்வையைப் பார்த்து, "கருவாடு எப்படி டீச்சர் மீனாவும்? அது செத்து எவ்வளவு நாளாச்சு!" என்றார்.

பெயர் வந்தது. தளம் திறந்தது. திறந்த சில நாளில் கோத்தகிரியிலிருந்து மூக்காயி என்பவருக்காக அவர் மகன் எழுதியிருந்தார். அம்மாவின் தங்கச்சி பேர் பாக்கியம், நோர்வூட்டுப் பக்கம் என்பது மட்டும் தெரியும் என்றிருந்தார். பாக்கியத்தை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள லயத்தில் இருந்தார். சிறு பெண்களாகப் பிரிந்தவர்கள், இப்போது இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சலூனில் நல்ல இணையம் இருந்ததால், முகம் பார்த்துப் பேச அங்கே கூட்டிப்போனேன்.

மெர்சி அக்கா பாக்கியத்தைப் பார்த்தார். தேயிலைக் கொழுந்துப் பையைக் கழற்றிய கையோடு வந்திருந்தார் அவர். "இவ்வளவு வருசம் கழிச்சு அக்கா பாக்குறாங்க, இப்படியேவா?" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். கிரீம், பவுடர், கன்னத்துக்குச் சிவப்பு, தலையில் கனகாம்பரம். பாக்கியம் கூச்சத்தில் நெளிந்தார். திரையில் மூக்காயி வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது யாரோ வெள்ளக்காரி மாதிரி இருக்கு. என் தங்கச்சி நல்லாக் கறுப்பால்ல இருப்பா?"

மெர்சி அக்கா ஒரு துவாலையை ஈரமாக்கிக்கொண்டு வந்து, திரைக்கு முன்னாலேயே பாக்கியத்தின் முகத்தை அழுத்தித் துடைத்தார். நெற்றி வந்தது. கன்னம் வந்தது. தாடையில் ஒரு பழைய தழும்பு வந்தது. மூக்காயி திரைக்குள்ளிருந்து ஒரு கூச்சல் போட்டார்.

"பாக்கியம்! ஏண்டி, அடுப்புல விழுந்தியே! பாக்கியம்!"

இருவரும் ஒரே நேரத்தில் அழுது, ஒரே நேரத்தில் பேசியதில், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. மெர்சி அக்கா அந்த ஈரத் துவாலையிலேயே தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். பாக்கியத்தின் பவுடரெல்லாம் அவர் முகத்தில் அப்பிக்கொண்டது. "என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல மேக்கப் இதுதான் டீச்சர், கலைச்சது" என்றார்.

அடக்கத்தன்று ஹட்டன் கிறிஸ்தவக் கோயில் வளவு பெண்களால் நிறைந்திருந்தது. பாக்கியமும் வந்திருந்தார். சந்தனம் ஒரு மூலையில் நின்று, "பாவி, பாவி" என்று தனக்குள் சொல்லி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏன் இறந்தவரைத் திட்டுகிறார் என்று புரியவில்லை.

சில நாள் கழித்து ஷாமினி என்னைத் தேடி வந்தாள். 'நம்மாளுங்க' பெயரை எங்கள் பொறுப்பில் மாற்றிக் கொடுத்தாள். "இன்னொண்ணும் இருக்கு டீச்சர்" என்றாள். "உங்க பேரு."

"என் பேரா?"

"யோகேஸ்வரி டீச்சர்னு உங்க பேரையே அம்மா எடுத்து வச்சிருக்காங்க. ஏலத்துல இல்ல, புதுசா. பத்து வருசத்துக்கு ஒண்ணாக் கட்டிட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். 'டீச்சர் ஊரார் பேருக்கெல்லாம் ஓடுவாங்க, சொந்தப் பேர மறந்துருவாங்க'ன்னாங்க."

அந்தப் பெயரை அடித்துத் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில், அவர் பேசுகிற மாதிரியே தட்டெழுதிய ஒரே வரி: "டீச்சர் நெட்டுல இருக்க மாட்டாங்க, நோர்வூட்டுக்கு வந்து கேளுங்க, யாரும் காட்டுவாங்க."

மெர்சி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். ஷாமினி அதை அழித்துவிட்டு என் படமும் பட்டங்களும் போட்டு அழகாகச் செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். போன வாரம் சொந்தக்காரரைத் தேடி நீலகிரிக் கூடலூரிலிருந்து ஒரு குடும்பம் நோர்வூட் பஸ் நிலையத்தில் வந்து இறங்கி, அந்த வரியை வாசித்துவிட்டு வந்தோம் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் காட்டியிருக்கிறார்.