பாதித் தட்டு மரக்கறி

எங்கள் ஊரில் யாராவது "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டால், என்ன மீன் என்றுதான் கேட்கிறார்கள். கத்தரிக்காய் என்று சொன்னால், கேட்டவர் மிச்சப் பதிலுக்காகக் காத்து நிற்பார். கீரிக் கடற்கரையில் மரக்கறி மட்டும் சமைக்கிற வீடு என்றால், ஒன்று சாவு விழுந்த வீடு, இல்லாவிட்டால் வலையில் ஒன்றும் படாத வீடு. தவக்காலத்தில் எல்லோரும் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விடுவோம். அது ஆண்டவருக்காக. மற்ற நாட்களில் விட்டால் வெட்கக்கேடு. அந்த வெட்கக்கேட்டை நான்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன் என்று என் மச்சாள், அதாவது என் கணவரின் மூத்த சகோதரி, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

என் கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சண்டை முடிந்து, கடலுக்குப் போக இருந்த தடையெல்லாம் எடுபட்டிருந்த காலம். இழந்த வருடங்களையெல்லாம் ஒரேயடியாகப் பிடித்துவிடுகிற வெறியில் தொழிலுக்குப் போய்வந்தார். சிப்பி வெட்டிய கால்விரல் புண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் புண்ணையும் இரத்தச் சோதனையையும் பார்த்துவிட்டு, அவரிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு என்னிடம் சொன்னார். சீனி இறங்காவிட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டும், பிறகு காலை எடுக்க வேண்டும். மருந்தோடு சாப்பாடும் மாற வேண்டும். மீன் சாப்பிடலாம், சோற்றைக் குறைக்க வேண்டும், தட்டில் பாதிக்கு மரக்கறி இருக்க வேண்டும். கால் இல்லாத மனிதனை யார் வள்ளத்தில் ஏற்றுவார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போதே என்ன சமைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

எனக்குக் கைப்பக்குவம் உண்டு. அதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. இலுப்பைக்கடவைப் பக்கமிருந்து பஸ்ஸில் கீரை கொண்டுவரும் பெண்ணுக்கு மீனைக் கொடுத்துக் கீரை வாங்கினேன். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து தேசிக்காய்ப் புளி விட்டேன். அதற்கு ஒரு சட்டி கூடத் தேவையில்லை. குரக்கன் புட்டு அவிக்கும்போதே முருங்கையிலையையும் தேங்காய்ப்பூவையும் கலந்து அவித்தேன். பாகற்காயை மெல்லிசாக வெட்டி வதக்கிச் சம்பல் போட்டேன். பயித்தங்காய் வறைக்குக் கொஞ்சம் நெத்தலிக் கருவாடு கூடத் தூவினேன், வாசத்துக்காகவாவது மனிதன் வாயில் வைக்கட்டும் என்று. பக்கத்தில் ஒரு துண்டு மீனும் வைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "இது என்ன, செத்தவீட்டுச் சாப்பாடோ?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி வைத்தார்.

சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர். மரக்கறி என்றால் தட்டோரத்தில் ஒரு கரண்டி. அதையும் விரலால் ஒதுக்கிவிடுவார். அவரையாவது விடலாம். மச்சாளை என்ன செய்வது? அடுத்த வளவு அவருடையது. தம்பிக்கு இலைகுழையைப் போட்டு நான் கொல்கிறேன் என்று, மதியமானால் சோறும் குழம்புமாகச் சட்டியை வேலிக்கு மேலால் நீட்டுவார். கடற்கரையில் ஆம்பிளைகள், உன் மனிசி வீட்டில் ஆடு வளர்க்கிறாளோ என்று இவரிடம் பகிடி விடுவார்கள். நான் சமைத்ததையெல்லாம் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆத்திரத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனாலும் நல்ல ருசி.

விரல் நுனி கறுக்கத் தொடங்கியது. மச்சாளிடம் போய் டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவார்கள், கடலுக்குப் போகிற உடம்புக்குச் சோறும் மீனும் வேண்டும் என்று முடித்துவிட்டார். அன்று மத்தியானமும் சட்டி வந்தது.

நான் நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். மடு மாதா திருவிழா வரைக்கும் இவர் மச்சம் தொடமாட்டார் என்று இவர் பேரில் நேர்த்தி வைத்தேன். வெளியே வந்து, கோயில் வாசலில் நின்ற பெண்களிடமும் சொன்னேன்.

மறுநாள் சட்டி வரவில்லை. கடற்கரையில் பகிடியும் நின்றது. பகிடி விட்டவர்களில் ஒருவர் பூசணிக்காய் ஒன்று கொடுத்தனுப்பினார். மச்சாள் தானே வந்து என் குசினியில் குந்தி, முருங்கையிலை உருவித் தந்தார். "நேத்தி எண்டு முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டர் மீனைக் குறையே சொல்லவில்லை. ஒரு பிடி கீரையை இந்த மனிதனின் வாய்க்குள் தள்ளுவதற்காக, ஒரு பாவமும் செய்யாத மீனை நான் வீட்டை விட்டுத் துரத்த வேண்டியிருந்தது. அவருடைய கால் இவர்களுக்குப் போதுமான காரணமாக இருக்கவில்லை. என் சொல் ஒரு சொல்லாகவே இருக்கவில்லை.

அவர் சாப்பிட்டார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பிறகு சுட்ட கத்தரிக்காயைக் கேட்டு வாங்கியே சாப்பிட்டார். சீனி இறங்கியது, புண் காய்ந்தது, விரல் தப்பியது. திருவிழாவுக்குப் போய்வந்து, மாதா தனக்குக் காலைத் திருப்பித் தந்துவிட்டார் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மாதாவா வந்து அடுப்பு ஊதினார் என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் மச்சாள் பெரிய சட்டியோடு வந்தார். பாரை மீன் குழம்பு. நேர்த்திதான் முடிந்ததே, தம்பி வடிவாகச் சாப்பிடட்டும் என்றார். இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றைக் குவித்துக் குழி பறித்தார்.

"நேத்திதான் முடிஞ்சுது. வருத்தம் முடியேல்லை" என்றேன். இவர் குழிக்குள் குழம்பை ஊற்றினார்.

வெறுங்காலோடு அந்த வெயிலில் கோயிலுக்கு நடந்தேன். திரும்பி வந்தபோது இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே சொன்னேன்.

"இன்னொரு நேத்தி வைச்சிட்டு வாறன். சோறு ஒரு அகப்பை, மீன் ஒரு துண்டு, பாதித் தட்டுக்கு மரக்கறி. ஒவ்வொரு நாளும்."

எந்தத் திருவிழா வரைக்கும் என்று மச்சாள் கேட்டார்.

"இவருக்கு உயிர் இருக்குமட்டும்."

மச்சாள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சட்டியை மூடினார். இவர் பிசைந்த கையை அப்படியே எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் ஒரு நாளும் தவறியதில்லை. மாதாவுக்குப் பயந்துதான் சாப்பிடுகிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.