பெருமாள் அண்ணனின் பச்சை மூடி போத்தல்

1. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி

பெருமாள் அண்ணன் கவுண்டரில் வைத்த போத்தலைப் பார்த்து நானும் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு என் பங்கைக் கடைசியில் முணுமுணுப்பது எனக்குப் பிடிக்காது.

மலேசியாவில், பண்டார் தெங்காராவில் ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தேன். ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, மருந்து கட்டுவது, ஃபைல் எழுதுவது எல்லாம் என் கைதான். கடைசிச் சில வருடங்களில், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை செய்து வந்தோம். பிரஷர், சீனி, கொழுப்பு, அதோடு மலப் பரிசோதனை. குடலில் புற்றுநோய் தொடங்கியிருந்தால், வலி வருவதற்கு முன்பே மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அது.

அதற்கு விரல் தடிமனில் பச்சை மூடி போட்ட ஒரு சின்ன போத்தல் கொடுப்போம். மூடியோடு ஒட்டிய குச்சியை மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி, திரும்ப உள்ளே விட்டு மூடவேண்டும். குச்சி நுனியில் ஒட்டுவது போதும். உள்ளே இருக்கும் மருந்துத் தண்ணீர் சிந்தக்கூடாது.

பெருமாள் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர், பிறகு ரோட்டோரம் புல் வெட்டும் குத்தகை வேலைக்கு மாறியிருந்தார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அவர் மருந்துத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு, போத்தலை வாய்வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

“அலமாக்! என்னண்ணே இது?” என்றேன்.

“நெறையக் குடுத்தாதானே நல்லா பாக்க முடியும், மிஸ்ஸி?”

நான் சிரித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“சிரிச்சு முடிச்சாச்சா?” என்று கேட்டு, போத்தலை மறுபடி செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

2. ஃபைலில் ஒரு வரி

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கெட்டிக்காரி. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேரைப் பார்ப்பார். நான் நடந்ததைச் சொன்னதும் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னொரு கிட் வேஸ்ட் பண்ணாதீங்க மிஸ்ஸி. அனேபிள் டு கம்ப்ளைன்னு எழுதி க்ளோஸ் பண்ணிடுங்க” என்றார்.

சொன்னதைச் செய்ய நோயாளியால் முடியவில்லை என்று அர்த்தம். அதை எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு நாங்கள் போன் போட வேண்டாம், மறுபடி கூப்பிட வேண்டாம். நானே அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குப் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. அந்தப் போத்தலைக் கொடுத்தபோது அவரிடம் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். “உள்ள பேப்பர் இருக்குண்ணே, படமும் போட்டிருக்கு, பாத்து செய்யுங்க.” அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பேப்பர் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. படத்தில் இருந்தது உட்கார்ந்து போகும் கக்கூஸ். அவர் வீட்டில் இருப்பது குந்தும் கக்கூஸ். அவர் தலையாட்டினார், புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் ஆள் நின்றால் யாராயிருந்தாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

ஃபைலில் இப்படி எழுதினேன்: ‘செய்முறை சரியாக விளக்கப்படவில்லை. தவறு கிளினிக்குடையது. மறுபடி கொடுக்க வேண்டும்.’ கீழே கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“என்ன மிஸ்ஸி இது? இது மெடிக்கல் ரெக்கார்ட். ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா நம்ம பேரு என்னாகும்?”

“உண்மைதானே டாக்டர். நான் சொல்லிக் குடுக்கல.”

“பேப்பர் குடுத்தோம்ல?”

“அவருக்குப் படிக்கத் தெரியாது.”

“அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? ஒவ்வொருத்தருக்கும் கிளாஸ் எடுக்க நேரம் இருக்கா? அந்த லைன வெட்டிடுங்க.”

“வெட்டமாட்டேன் டாக்டர்.”

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. 

“வார்னிங் லெட்டர் குடுக்க வேண்டி வரும்.”

“குடுங்க, சைன் பண்ணி வாங்கிக்கிறேன். அந்த வரி இருக்கட்டும்.”

மறுநாளே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

3. ரோட்டோரத்தில் ஒரு பாடம்

லெட்டர் வாங்கிய அன்றே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினேன். வீட்டிலிருந்து கோதுமை மாவில் கோப்பித்தூள் போட்டுப் பிசைந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்திருந்தேன். இரண்டு புது போத்தலும் கையில் இருந்தன, பழக ஒன்று, நிஜமாகச் செய்ய ஒன்று. கூலாய்க்குப் போகும் ரோட்டில் பெருமாள் அண்ணன் புல் வெட்டும் மிஷினை இறக்கிவைத்துவிட்டு, மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கண்ணே. நான் சிரிச்சது தப்பு.”

“தப்புதான்.”

சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“தண்ணிய ஊத்தக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா? சொல்லுங்க மிஸ்ஸி, சொன்னீங்களா?”

“சொல்லல.”

“எங்கிட்டப் புது ஆளு வந்தா, இந்த மிஷின அவன் கையில குடுத்து, பேப்பர்ல இருக்கு பாத்துக்கன்னு சொல்வனா? சொன்னா அவன் காலு போயிடும்லா! பின்னால நின்னு, அவன் கையப் புடிச்சு, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவேன். அப்புறம் அவன செய்யச் சொல்லிப் பாப்பேன். ரெண்டு நாளு தனியா விடமாட்டேன். நான் படிக்காதவன். எனக்கே இது தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?”

 மாவுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

“இது என்ன?”

“அதுதான்னு நெனச்சுக்கோங்க. மாவும் கோப்பியும்.”

“சாப்புடுற நேரத்துல கொண்டு வந்தீங்க பாருங்க,” என்றார். முகம் கொஞ்சம் இளகியது. சோற்றை மூடி ஓரமாக வைத்துவிட்டு எதிரில் குந்தினார்.

கக்கூஸில் தண்ணீர் படாமல் பழைய செய்தித்தாளை விரிப்பதில் தொடங்கி, கடைசியில் மூடியை இறுக்குவது வரைக்கும் செய்து காட்டினேன். குச்சி நுனியில் எவ்வளவு ஒட்டவேண்டும் என்பதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இம்புட்டுதானா?”

“இவ்வளவுதான். இப்ப நீங்க செய்யுங்கண்ணே, நான் பாக்குறேன்.”

செய்தார். முதல் தடவை குச்சியை மாவுக்குள் முழுதாக இறக்கிவிட்டார். இரண்டாவது தடவை என்னைவிடச் சுத்தமாக இருந்தது. பெரிய கத்தியும் மிஷினும் பிடித்துப் பழகிய கை, துளியும் பிசகவில்லை.

“இத யாராவது மொதல்ல காட்டியிருந்தா நான் ஏன் மிஸ்ஸி அசிங்கப்படணும்?” என்றார். இந்தத் தடவை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

4. இரண்டு கோடு

மூன்றாம் நாள் போத்தலைக் கொண்டுவந்து நேராக என் கையில் கொடுத்தார். அதிலிருந்து சில சொட்டைச் சோதனை அட்டையில் விட்டுப் பார்த்தேன். ஒரு கோடு வந்தால் ஒன்றும் இல்லை, இரண்டு வந்தால் ரத்தம் இருக்கிறது. இரண்டு கோடு வந்தது.

அந்த அட்டையை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் எழுதினார். இரண்டு கோடு என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, மூல நோயாகக்கூட இருக்கலாம், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று அண்ணனிடம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

ஸ்கோப் என்ற மெல்லிய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்க, முதல் நாளே வயிற்றைக் கழுவும் மருந்து குடிக்கவேண்டும். அதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். அண்ணன் அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். எத்தனை மணிக்கு என்ன குடிப்பது, எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்று முறை சொன்னார்.

குடலில் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்றில் புற்றுநோய் தொடங்கியிருந்தது, ஆனால் குடல் சுவருக்குள் இறங்கவில்லை. ஸ்கோப்பிலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவருக்கு அதுவரை ஒரு வலியும் இருந்ததில்லை.

5. மற்ற ஃபைல்கள்

செய்தி வந்த அன்று மாலை கிளினிக்கை மூடும் நேரத்தில் டாக்டர் என்னிடம் வந்தார்.

“மிஸ்ஸி, அனேபிள் டு கம்ப்ளைன்னு எழுதின ஃபைல் எல்லாத்தையும் எடுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

எடுத்தோம். மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு வந்தது. எல்லாமே தோட்டத்துக்காரர்கள், துப்புரவு வேலைக்காரர்கள், பேக்டரியில் தரை கூட்டுபவர்கள். பாதிக்கு மேல் என் கையெழுத்து. நம்பர் இருந்தவர்களுக்கு இரண்டு பேரும் மாறி மாறி போன் போட்டோம். சிலர் வருவதாகச் சொன்னார்கள். சிலர் நம்பர் மாற்றியிருந்தார்கள்.

லெட்சுமி அக்காவின் நம்பரை நான்தான் அழுத்தினேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குபவர். போத்தலை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எனக்குப் புரியல தாயி” என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து மகள் போனை எடுத்தாள்.

“அம்மா தவறி மூனு மாசமாச்சு மிஸ்ஸி. குடல்ல கட்டின்னாங்க. தெரியுறப்போ ரொம்ப முத்திடுச்சு. எதுக்கு போன் பண்ணீங்க?”

சும்மா விசாரிக்கத்தான் என்று பொய் சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியவேண்டும் என்று தோன்றியது. நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். குறுக்கே பேசாமல் கேட்டேன். டாக்டர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது. நான் ஆறுதல் சொல்லவில்லை, அவரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டோம். அதில் மாவு, போத்தல், பழைய செய்தித்தாள் இருந்தன. டாக்டரும் நேரம் கிடைக்கும்போது வந்து உட்கார்ந்து செய்து காட்டினார்.

இப்போது வேலைக்கு வரும் மிஸ்ஸிகளுக்கு ஒன்று சொல்கிறேன். படிக்காதவர்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறை இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்பவர் முன்னால் போய் நின்று, அது தப்பு என்று சொல்லுங்கள். செய்து காட்டுங்கள், அவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். வரிசை நீளும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், உள்ளேயிருந்து மணி அடித்துக் கூப்பிடுவார்கள். அடிக்கட்டும். எதிரில் இருப்பவர் சரியாகச் செய்து காட்டும் வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.