அப்பாவின் சுண்டுவிரல் நகம்

எங்கள் அப்பாவுக்கு இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் நீளமாக ஒரு நகம் இருந்தது. வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகக் கிடங்கில் மூட்டைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. சாக்கின் தையலை அந்த நகத்தால் ஒரே நெம்பில் பிரித்துவிடுவாராம். டீக்கடையில் தெரியாதவர்கள்கூட அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்போது எனக்குப் பெருமை தாங்காது.

நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது எனக்குக் கீரிப்பூச்சி வந்தது. வெள்ளை நூல் துண்டு மாதிரி சின்னப் புழு. படுத்தால் போதும், உட்காரும் இடத்தில் அரிக்கும். இனிப்புத் தின்றதால் வந்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். துர்கா பூஜைக்கு ஊரே சந்தேஷ் இனிப்பைத் தின்ன, நான் வேடிக்கை பார்த்தேன். அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சிரித்தார். சொறிந்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் நகத்துக்குள் போகும். அதே கையால் சாப்பிட்டால் மறுபடி வயிற்றுக்குள் போகும். துணி, படுக்கை வழியாக மற்றவர்களுக்கும் ஒட்டும். அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. "லட்சுமி பூஜைக்கு ஒண்ணு, காளி பூஜைக்கு ஒண்ணு" என்று அம்மா மனதில் குறித்துக்கொண்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, இனி வீட்டில் எல்லார் நகத்தையும் சோதிக்கும் அதிகாரி நீதான் என்றார்.

பதவி கிடைத்தும் பயம் போகவில்லை. மேல் வீட்டு வங்காளி அம்மாவை நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவருக்கு அப்பா 'தாதா', அதாவது அண்ணன்; அப்பாவுக்கு அவர் 'பௌதி', அதாவது அண்ணி. அவர் மகன் என் வகுப்பு. அவனுக்குத் தெரிந்தால் பூஜை விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கே தெரிந்துவிடும்.

"அவனுக்குத் தெரிஞ்சா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று அம்மாவிடம் அழுதேன். பக்கத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

லட்சுமி பூஜையன்று எல்லாரும் மாத்திரையை மென்று விழுங்கினோம். நான் நகவெட்டியோடு கிளம்பினேன். அம்மா, தங்கச்சி முடிந்து அப்பாவிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன ஆபீசர், ஆளைப் பாத்துப் பயமா?" என்று சுண்டுவிரலை நீட்டினார்.

"இது மட்டும் வேண்டாம்ப்பா."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். வெட்டுடா."

வெட்டினேன். அம்மாதான் "அய்யோ" என்றாள்.

மறுநாள் அம்மா போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துக் கொடியில் போட்டாள். காக்கிமா மகனோடு படியிறங்கி வந்தார்.

"ஒரே நாள்ல இவ்வளவு துணியா? அட தாதா, உங்க நகம் எங்க?" என்று வங்காளத்தில் கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"எனக்குப் பூச்சி, பௌதி" என்றார் அப்பா, கூச்சமே இல்லாமல். "நகத்துக்குள்ள குடியிருந்துச்சாம். பையன்தான் காலி பண்ணினான். உங்க பிள்ளைக்கும் வெட்டிவிடுங்க."

அவ்வளவு உறுதியாக அவர் சொன்னதில், பூச்சி அவருடையதுதான், எனக்கு அவரிடமிருந்துதான் ஒட்டியது என்று நானே நம்பிவிட்டேன். காலையில் எழுந்ததும் குளித்தாரா, சாப்பிடும் முன் சோப்புப் போட்டாரா என்று தினமும் அதட்டினேன். "சரிங்க சார்" என்று கையை நீட்டிக் காட்டுவார். காளி பூஜையன்று இரண்டாவது மாத்திரையும் முடிந்தது. அரிப்பு போயே போய்விட்டது. பள்ளி திறந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அப்பாவுக்குப் பூச்சி. நான்தான் சரி பண்ணினேன்" என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன்.

அப்பா அந்த நகத்தை மறுபடி வளர்க்கவில்லை. சாக்குத் தையலைப் பிரிக்க ஒரு பழைய சாவியை எடுத்துப் போனார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன வாரம் என் மகளுக்கு அதே அரிப்பு. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எல்லாரும் மாத்திரை போட்டோம், நகம் வெட்டினோம். கொடி நிறையப் போர்வையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்றார்.

"எனக்குப் பூச்சி" என்றேன்.

என் மகள் இடுப்பில் கை வைத்து என்னை முறைத்தாள்.

"உன்னாலதானா? இனிமேலாவது ஒழுங்கா கை கழுவுப்பா!"